பழைய தாளும் பழைய ஜரிகையும்



ஆடி மாதம் காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள், கோயில் வேலை முடிந்ததும் ஒரு நடை பொம்மைக்காரத் தெருப் பக்கம் போய்விட்டு வாருங்கள். கொலுவுக்கு இன்னும் நாள் கிடக்கிறது. அங்கே வேலை அதற்குள் சூடு பிடித்திருக்கும். வாசலிலும் மாடியிலும் வர்ணம் பூசாத வெள்ளைப் பெருமாள்கள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருப்பார்கள்.

அந்தப் பெருமாளுக்குத் திருமேனி பழைய தாள்தான். தாளை ஊறவைத்து இடித்துக் கூழாக்கி, கிழங்கு மாவுப் பசையும் சுண்ணாம்புத் தூளும் சேர்த்துப் பிசைகிறார்கள். பதம் வந்ததும் அச்சில் வைத்து அழுத்தி, முன்பாதி, பின்பாதி என்று தனித்தனியாக எடுத்துக் காயவைத்து ஒட்டுகிறார்கள். பிசிறு தெரியாமல் தேய்த்து, வெள்ளை அடித்து, அதன்மேல் வர்ணம். கண் திறப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. உள்ளே வெறும் கூடு என்பதால் மண் பொம்மையின் கனம் இதில் கிடையாது. பரணிலிருந்து இறக்கும்போது கை நழுவினாலும் பெரும்பாலும் மூக்கோடு போகும், தலை தப்பும்.

தெருவுக்கு ஊர் நடப்பும் தெரியும். குளத்துக்குள்ளேயே வைத்திருக்கும் அத்திமரப் பெருமாளான அத்தி வரதர், 2019-ல் நாற்பது வருஷம் கழித்து வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வந்தார். ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம், ஆகஸ்ட் நடுவில் மறுபடி குளத்துக்குள். அந்த வருஷ நவராத்திரிக்குப் பல வீட்டுக் கொலுப் படிகளில் அவர் இரண்டு கோலத்திலும் எழுந்தருளிவிட்டார். வரிசையில் நின்று கால் கடுத்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து சேவித்துக்கொண்டார்கள்.

பழைய பொருளில் கலை என்ற விஷயத்தை இந்த மாதம் எழுதலாம் என்று எடுத்ததும் எனக்கு முதலில் இந்தத் தெருதான் நினைவுக்கு வந்தது. அங்கே யாரும் இதைக் கழிவிலிருந்து கலை என்று சொல்லிக்கொள்வதில்லை. தாள் மலிவு, லேசு, சொன்ன பேச்சைக் கேட்கும். அதனால் தாள். அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு பிடித்திருக்கிறது.

பள்ளிக்கூடங்களில் நடக்கிற ‘வேஸ்ட்டிலிருந்து பெஸ்ட்’ போட்டியை இதோடு வைத்துப் பாருங்கள். போட்டிக்கு முந்தின நாள் ராத்திரி ஸ்டேஷனரி கடையில் கூட்டம் நெரியும். புது ஐஸ் குச்சி, புது ஸ்ட்ரா, புது தெர்மாகோல், இரண்டு நிறத்தில் ஜிகினாத் தூள். நடுவில் பாவம் ஒரே ஒரு பழைய தண்ணீர் பாட்டில். இத்தனையும் ஒட்டியபிறகு அந்த பாட்டிலைப் பழைய இரும்புக் கடைக்காரர்கூட எடைக்கு எடுக்க மாட்டார். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஒட்டிக்கொண்டிருப்பது அம்மாக்கள்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். பழைய பொருளை மூடி மறைப்பதற்கே அத்தனை பாடும் என்பதுதான் என் வருத்தம்.

மறைக்காமல் செய்கிற ஒருவரைச் சொல்கிறேன். எல் அனாட்சுயி, 1944-ல் கானா நாட்டில் பிறந்தவர். அப்பா நெசவாளி. பட்டை பட்டையாக நெய்து சேர்த்துத் தைக்கிற, கெண்டே என்கிற அந்த ஊர்த் துணியை நெய்தவர். மகன் தறியில் உட்காராமல் சிற்பம் படித்து, நைஜீரியாவில் என்சுக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1990-களின் கடைசியில் வழியோரத்தில் ஒரு மூட்டை அவர் கண்ணில் பட்டது. உள்ளே மது பாட்டில் மூடிகள். அந்த அலுமினிய மூடிகளைத் தட்டி, மடித்து, முறுக்கி, ஓரத்தில் ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கட்டத் தொடங்கினார். உதவியாளர்கள் பலர் கட்டக் கட்ட, ஆயிரக்கணக்கான மூடிகள் சேர்ந்து ஒரு சுவரையே போர்த்தும் துணி ஆயிற்று. எட்ட நின்று பார்த்தால் ஜரிகை நிறைந்த முந்தி. கிட்டப் போனால் பிராந்தி, ரம் கம்பெனிகளின் பெயர் எழுத்து எழுத்தாகத் தெரியும். சரக்கைக் கொடுத்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றிக்கொண்டு போன காலத்தை அந்தப் பெயர்கள் நினைவூட்டும், அழித்துவிட்டால் அந்த நினைவும் போய்விடும். அந்தத் துணியை எப்படித் தொங்கவிடுவது, எங்கே கொசுவம் வைப்பது என்பதை மாட்டுகிறவர்களிடமே விட்டுவிடுகிறார். 2015-ல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் அவருக்குக் கிடைத்தது.

உலோகத்திலிருந்து அவர் துணிக்கு வருகிறார். நம் பக்கத்தில் துணியிலிருந்து உலோகத்துக்குப் போகிறோம். பழைய பட்டுப் புடவை வாங்குகிறவர் நம் வாலாஜாபாத் தெருவிலும் குரல் கொடுத்துக்கொண்டு வருகிறார். கரையில் ஓர் இழையை உருவி, நகத்தால் பிரித்துப் பார்ப்பார். உள்ளே சிவப்புப் பட்டு இழையும் அதன்மேல் சுற்றிய வெள்ளியும் தெரிந்தால் விலை ஒன்று, வேறு நூல் தெரிந்தால் விலை வேறு. பிறகு நெருப்பு. பட்டு சாம்பலாகும், வெள்ளி மிஞ்சும். அன்னமும் யாளியும் மயில்கண்ணும் எடைக்கு வராது. அவற்றை நெய்ய எத்தனை நாள் ஆயிற்றோ, அதற்கும் அங்கே தராசு இல்லை.

விற்கிற வீட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய ஜூன் மாதத்தில் பீரோவில் மடித்து வைத்த அன்னம் என்ன செய்யும்? ஆனால் அடுப்புக்குப் போகும் முன்னால் அந்த முந்தியை ஒரு படம் எடுத்து வைக்கலாம், கரையில் ஒரு சாண் வெட்டி வைக்கலாம். பழைய புடவைதான் புது நெசவுக்கு ஏடு. நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவில் தறி போட்டபோது பழைய புடவைகளின் கரையையும் நிறச் சேர்க்கையையும் பார்த்துத்தான் மறுபடி நெய்ய வைத்தார். வங்காளத்துப் பெண்கள் நைந்த புடவைகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலாலேயே பூவும் மீனும் தைத்து ‘காந்தா’ போர்வையாக்கினார்கள். அவர்கள் அதற்காக ஒரு நூல்கண்டுகூட வாங்கவில்லை.

பழைய பொருளை மறைக்காத இன்னொருவர் சண்டிகரின் நேக் சந்த். அவரைப் பற்றிப் பலருக்கும் தெரிந்திருக்கும், சுருக்கிச் சொல்கிறேன். பிரிவினையில் ஊரை விட்டு வந்தவர், பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். புது நகரம் கட்ட இடித்த ஊர்களின் உடைசலையும் உடைந்த வளையலையும் பீங்கானையும் சைக்கிளில் சேர்த்து, 1957 வாக்கில் தொடங்கி, அரசாங்கக் காட்டு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் சிலைகளால் ஓர் உலகத்தையே கட்டிவிட்டார். விஷயம் வெளியே தெரிந்தபோது சட்டப்படி இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை. 1976-ல் ராக் கார்டன் என்று திறந்துவைத்து, அவருக்குச் சம்பளத்தோடு அதே வேலையைக் கொடுத்து, ஐம்பது ஆட்களையும் கூடக் கொடுத்தார்கள். நம் ஊர் அலுவலகங்களைத் தெரிந்த எனக்கு இந்தக் கதையில் ஆச்சரியம் சிலைகளைவிட இந்த உத்தரவுதான்.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கம் தறி வீடுகளில் பரணைப் பாருங்கள். ஜக்காடு அட்டை கட்டுக் கட்டாக மடங்கிக் கிடக்கும். முன்னெல்லாம் ஒரு டிசைனுக்கு நூற்றுக்கணக்கான அட்டையில் ஓட்டை அடித்து, நூலால் கோத்து, தறிக்கு மேலே சங்கிலியாக ஓடவிட வேண்டும். இப்போது கம்ப்யூட்டர் ஜக்காடு வந்த வீடுகளில் அந்தச் சங்கிலிக்கு வேலை இல்லை. எடைக்குப் போட்டால் சொற்பக் காசு.

எனக்கு அதன்மேல் ஒரு கண். ஒரு சங்கிலியை எடுத்து ஜன்னலில் தொங்கவிட்டுப் பாருங்கள். ஓட்டை வழியாக வெயில் புள்ளி புள்ளியாகத் தரையில் விழும். யாரோ ஒருவர் கண் வலிக்க அடித்த புட்டாவோ கரையோதான் அந்தப் புள்ளிகளில் ஒளிந்திருக்கிறது. மேலே பெயின்ட், ஜிகினா எதுவும் வேண்டாம். விளக்கு மறைப்பு செய்யலாம், அறைத் தடுப்பு செய்யலாம். நம் வரைகலை ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேறு என்ன தோன்றுகிறது என்று பார்க்க ஆசை.

ஆகவே ஒரு வேண்டுகோள். வேண்டாத அட்டைக் கட்டு, உடைந்த நாடா, தார்க்குச்சி இருந்தால் நம் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து கொடுங்கள், அல்லது சொல்லி அனுப்புங்கள், ஆள் வந்து எடுத்துக்கொள்வார். பழைய கடையில் என்ன எடை விலையோ அதை நாங்களும் தந்துவிடுகிறோம். சும்மா வாங்கினால் சரிப்படாது. டிசைனுக்கு என்ன பெயர், அட்டை அடித்தவர் யார் என்று தெரிந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டோடு செருகுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் வந்தால் நல்லது. அட்டைக்கு ஈரம் ஆகாது, எங்கள் அலுவலகக் கூரையையும் அவ்வளவாக நம்ப முடியாது.

அன்புடன்,
ஆசிரியர்