‘குடும்பத் தகராறு’ என்னும் முத்திரையும் எதிர் வழக்கும்

சாதி மறுப்பு மணம் புரிந்த இணையரின் வீட்டுக்குள் பெண்ணின் உறவினர்கள் புகுகின்றனர். அவளை இழுத்துச் செல்ல முயல்கின்றனர். தடுக்கும் தலித் கணவனைத் தாக்குகின்றனர். அவனுடைய தாய் கைக்குக் கிடைத்த கட்டையை எடுக்கிறார். மறுநாள் காவல் நிலையத்தில் இரண்டு வழக்குகள் பதிவாகின்றன. இரண்டிலும் காரணம் ‘குடும்பத் தகராறு’. மணத்தை ஏற்க மறுத்தவர்கள் முதல் தகவல் அறிக்கையில் மட்டும் குடும்பமாகிவிடுகின்றனர்!

நாம் கவனிக்க வேண்டியது இரண்டாம் வழக்கைத்தான். தண்டனை பெற்றுத்தருவதைவிட, முதல் வழக்கைத் திரும்பப் பெறவைக்கும் பேரத்துக்கே அது பயன்படுகிறது. ‘நீயும் அடித்தாய்தானே’ என்ற கேள்வியில், யார் யாருடைய வீட்டுக்கு வந்தார்கள் என்பது மறைந்துபோகிறது.

சட்டம் அவ்வாறு சமன் செய்வதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தன் உடலை மட்டுமன்றிப் பிறர் உடலையும் காக்கும் உரிமையை அளிக்கின்றன. கடத்தும் நோக்குடன் நடக்கும் தாக்குதலில், தாக்குபவரின் உயிரிழப்பு வரைக்கும்கூட அவ்வுரிமை நீளும் என்கிறது 38ஆம் பிரிவு. தேவைக்கு மேற்பட்ட தீங்கு கூடாது என்ற வரம்பு அப்போதும் உண்டு. ஓடுபவரைத் துரத்தி அடிப்பது தற்காப்பாகாது.

உறவினர் என்பதால் இழுத்துச் செல்லும் உரிமை வந்துவிடுமா? விசுவநாத் வழக்கில் 1959ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறிவிட்டது. தந்தை வீட்டிலிருந்த மனைவியைப் பலவந்தமாக இழுத்த கணவனை அவளுடைய சகோதரர் குத்தினார், கணவன் இறந்தான். சகோதரர் தற்காப்புரிமையின் அடிப்படையில் விடுவிக்கப்பட்டார். கணவனுக்கே இல்லாத உரிமை தாய்மாமனுக்கு எங்கிருந்து வரும்?

இரு தரப்பும் உறவினர் ஆகிவிட்டதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்று சில நிலையங்களில் சொல்லப்படும் விளக்கமும் பிழையே. மணத்தால் சாதி மாறுவதில்லை. மேலும், பட்டியல் சாதியினர் மீது பொய்யான, தீய நோக்குடைய வழக்குத் தொடுப்பதே அச்சட்டத்தின் 3(1)(p) பிரிவின்படி தனிக் குற்றம்.

தற்காப்பை மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவருடையது. எனினும் ஐயத்துக்கு இடமற்ற சான்று தேவையில்லை, அது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஆகவே அன்றிரவே அரசு மருத்துவமனைக்குச் செல்வது முக்கியம். எத்தனை பேர், எந்த இடத்தில், எதனால் தாக்கினர் என்று விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்து நகல் பெற வேண்டும். எதிர் வழக்கில் இவர்களுடைய காயங்களைப் பற்றி வாய்திறக்காத காவல்துறையிடம் குறுக்கு விசாரணையில் முதலில் நீட்டப்பட வேண்டிய தாள் அதுவே.