கொலன்னாவைக் காணியும் கையிலுள்ள பற்றுச்சீட்டும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகைக்கு இருந்து சலித்த நம்மவர், சொந்தமாக ஒரு துண்டு நிலம் தேடிக் கொலன்னாவைப் பக்கம் செல்கின்றனர். பத்துப் பேர்ச், யாழ்ப்பாணக் கணக்கில் ஒரு பரப்பு. அதற்காக ஊரிலுள்ள தோட்டக்காணியை விற்ற கமக்காரரும் உளர். சேமலாப நிதி முழுவதையும் எடுத்துக் கொடுத்த உத்தியோகத்தரும் உளர். கொடுத்தது யாரிடம்? காணிச் சொந்தக்காரனிடமா? அன்று. அவனிடம் முழுக் காணியையும் மொத்தமாகப் பேசி, சிறு தொகை கட்டி, துண்டு போட்டு விற்க முன்வந்த இடைத்தரகனிடம். மீதியை அவன் தவணைக்குள் கட்டத் தவறுகிறான். மொத்த வியாபாரம் முறிகிறது. துண்டு வாங்கினோர் கையில் எஞ்சுவது பற்றுச்சீட்டு.

"பணம் கொடுத்தோம், சீட்டு இருக்கிறது, கோடு சும்மா விடுமா?" என்று எம்மிடம் கேட்கின்றனர்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. காணியை விற்பதற்கு மட்டுமன்று, விற்பதாக வாக்களிப்பதற்கும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு கையொப்பமிட்ட எழுத்து வேண்டும் என்கிறது அது. அஃதில்லாத வாக்கு சட்டத்தின் கண்ணில் வாக்கே அன்று. பற்றுச்சீட்டைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்; காணியைக் கேட்க முடியாது. பணத்தைக் கேட்பதும் தரகனிடந்தான். சொந்தக்காரன் உங்களோடு எவ்வித உடன்படிக்கையும் செய்தவனல்லன். தரகனோ அப்பணத்தை வேறொரு காணிக்கு முற்பணமாகக் கட்டியிருப்பான்!

நிற்க. நொத்தாரிசு எழுதிய உடன்படிக்கை உள்ளவன் நிலை வேறு. 1955இல் தாஹிர் எதிர் அப்தீன் வழக்கில் நீதியரசர் கிரேஷியன் தெளிவுபடுத்தியவாறு, இவ்விடயத்தை நம் நாட்டில் ஆள்வது ஆங்கிலச் சட்டமன்று, உரோமன் டச்சுச் சட்டமாகும். நட்டஈடு பெறுவதா, காணியையே எழுதித் தரச் செய்வதா என்று தெரிவு செய்யும் உரிமை அடிப்படையில் வாங்குவோனுடையது. ஆயினும் எழுதித் தர உரித்துள்ளவன் எதிராளியாக நின்றாலன்றோ அவ்வுரிமை பயன்படும்? ஆகவே சொந்தக்காரனும் கையொப்பமிட்டாலன்றி ஒரு சதமும் கொடுக்கலாகாது என்பது எம் கருத்து. அவன் மறுத்தால், அம்மறுப்பே போதிய எச்சரிக்கை. உடன்படிக்கையைக் காணிப் பதிவகத்தில் உடனே பதிவு செய்க. வழக்குத் தொடுத்தால், அது நிலுவையிலிருப்பதையும் அங்கே பதிதல் வேண்டும். தவறினால் வழக்கு நடக்கும்போதே காணி வேறொருவனுக்கு விலைப்பட்டுவிடும், தீர்ப்பு அவனைக் கட்டாது. சட்டத்தரணிகள் சிலரே இதனை மறந்துவிடுவதுண்டு.

வாங்குவோர் விழிப்பு மட்டும் போதுமா? இந்தியா 2016இல் சட்டம் செய்து, வீடு வாங்குவோர் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, நிலத்துக்கும் கட்டட வேலைக்குமே செலவிட வேண்டுமென விதித்தது. 2018இல், முறிந்த கம்பனிக்குக் கடன்கொடுத்தோர் வரிசையில் வீடு வாங்கியோரையும் அமர்த்தியது. துண்டு போட்டு விற்பவன் இங்கு வாங்கும் முற்பணத்துக்கும் அத்தகையதொரு பூட்டு வேண்டும். அதனைப் பாராளுமன்றத்தில் கேட்பது நம் பிரதிநிதிகள் கடன்.

ஏற்கெனவே ஏமாந்திருப்போர் காலத்தைக் கவனிக்க. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி எழுத்திலுள்ள உடன்படிக்கைக்கு 6 ஆண்டு. எழுத்தில்லா வாக்குக்கு 3 ஆண்டு. வெறும் பற்றுச்சீட்டு எவ்வகை என்று வாதிட எதிராளிக்கு இடமுண்டு. ஆதலால் மூன்றையே எல்லையாகக் கொள்க. "அடுத்த மாதம் தருகிறேன்" என்ற தொலைபேசி வார்த்தையிலேயே இரண்டாண்டைப் போக்கியவர் பலர். தவணை கடந்த மறுநாளே கோரிக்கைக் கடிதம் பதிவுத் தபாலில் போகட்டும். அதன் பிரதியும் தபாற்சீட்டும் பத்திரமாயிருக்கட்டும்.