'இறந்தார்' அன்று, 'இறந்துகொண்டிருந்தார்'

ஆங்கிலத்தின் 'பாஸ்ட் கன்ரினியுவஸ்', அதாவது இறந்தகாலத் தொடர்வினை, பரீட்சைக்குரிய சங்கதி மட்டுமே எனப் பலர் எண்ணுகின்றனர். செய்தி மொழிபெயர்ப்பில் நீண்டகாலம் கழித்த எனக்கு அது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம்.

'வோஸ்' அல்லது 'வெயார்', அதனையடுத்து 'இங்' விகுதி பெற்ற வினை. அமைப்பு இவ்வளவுதான். கடந்துபோன ஒரு கணத்தில் செயல் நடந்துகொண்டிருந்தது என்பதையே அது சொல்லும். நடந்து முடிந்தது என்று சொல்லாது. 'வோஸ் டையிங்' என்றால் ஒருவர் இறக்கும் தறுவாயில் இருந்தார் என்பதே பொருள். அவர் பிழைத்திருக்கவும் கூடும்.

பத்திரிகைக்குள் நுழைந்த புதிதில் அதனை நான் 'இறந்தார்' என்று எழுதிவிட்டேன். அச்சேறுமுன் மூத்தவர் ஒருவர் கண்டு திருத்தினார். இல்லையேல் ஒரு வீட்டில் வீண் ஒப்பாரி எழுந்திருக்கும்.

'ஷெல் விழுந்தபோது மக்கள் ஓடினர்' என்றால், ஷெல் விழுந்ததால் ஓடினர் என்றே வாசகர் கொள்வர். 'ஓடிக்கொண்டிருந்தனர்' என்றாலோ, ஓட்டம் முன்னரே தொடங்கிவிட்டது. ஓடியவர்கள்மீதே ஷெல் விழுந்திருக்கலாம். நாளை சாட்சியமாகக்கூடிய செய்தியில் இது சிறிய வேறுபாடன்று.

தமிழில் இதற்கெனக் 'கொண்டிருந்தார்' உண்டு. இடம் போதாதென்று அதனை வெட்டும் இளைய நண்பர்கள், வெட்டுமுன் ஒருகணம் யோசிக்க வேண்டும் என்பதே எனது வேண்டுகோள்.