மனை பார்ப்பவர் வெட்டச் சொன்ன மூன்று மரங்கள்

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் 8 சென்ட் இடம் இருக்கிறது. தென்மேற்கு மூலையில் மாமனார் வைத்த வேம்பு, கொல்லை வாசலை ஒட்டி முருங்கை, நடுவில் வில்வம். மகன் கல்யாணத்துக்காகப் பின்பக்கம் ஓர் அறை எடுக்கப் போகிறோம். மனை பார்க்க வந்தவர், மூன்று மரமும் வீட்டுக்கு ஆகாது, எடுத்துவிடுங்கள் என்கிறார். வில்வத்தில் கை வைக்கக் கூடாது என்று மாமியார் அழுகிறார். யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகி, கோம்பை.

பதில்: சகோதரி, மரம் மரமாகப் பார்ப்போம்.

வேம்பில் உங்கள் மனைக்காரர் தன் சாஸ்திரத்தையே மறந்துவிட்டார். உயரமான மரம் தெற்கிலும் மேற்கிலும் நிற்கட்டும், வடகிழக்கில் கிணறும் சிறு செடிகளும் இருக்கட்டும் என்பதுதான் வாஸ்து சொல்லும் பொது விதி. ஈசானிய மூலை ஈசனுடையது, அதை அடைக்காதே என்றார்கள். அதனால் காலை வெயில் தடையில்லாமல் வீட்டுக்குள் வரும். மேற்கே நிற்கும் மரம் பிற்பகல் வெயிலை வாங்கிக்கொள்ளும். கோம்பைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆனி, ஆடியில் மலையிலிருந்து இறங்கும் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றை நம்பித்தான் மேலே ராமக்கல்மேட்டில் காற்றாலைகள் நிற்கின்றன. அதை முதலில் தாங்குவது உங்கள் வேம்புதான்.

கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் கேரளத்தின் பழைய வீடுகளில் சர்ப்பக்காவு பார்த்திருப்பார்கள். நாகருக்கென்று வளவின் ஒரு மூலையை, பெரும்பாலும் தென்மேற்கை, கத்தி படாமல் விட்டிருப்பார்கள். நாகர் பேரைச் சொல்லி, வீட்டோடு ஒரு துண்டுக் காடே தப்பியது. வேம்பு நிற்கட்டும். புதுச் சுவர் மட்டும் அதிலிருந்து 15 அடியாவது தள்ளி வரட்டும்.

முருங்கை விஷயத்தில் அவர் சொல்வதில் பாதி சரி. வேதாளம் குடியிருக்கும் மரம் என்று கதை கட்டி, வாசலில் வைக்காதே என்றார்கள். வேதாளத்தை விடுங்கள். முருங்கைக் கிளைக்கு வலு கிடையாது, ஆடிக் காற்றில் முறிந்து தலையில் விழும். மழைக்காலத்தில் தண்டு முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பும், பிள்ளைகள் மேல் பட்டால் தடித்துவிடும். வாசலுக்கு ஆகாதுதான். அதற்காக வேரோடு தோண்ட வேண்டுமா? காய் ஓய்ந்ததும் தரையிலிருந்து 3 அடி விட்டு வெட்டுங்கள். வெட்டுவாயில் சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசுங்கள். பக்கத்துப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம்.1 ரகத்தை இப்படித்தான் மறுதாம்புக்கு விடுகிறோம். வீட்டு முருங்கையும் துளிர்க்கும். வெட்டிய போத்தை வேலியோரம் ஊன்றிவிட்டால், அது காய்க்கத் தொடங்கிய பிறகு வாசல் மரத்தை எடுப்பதா வேண்டாமா என்று நிதானமாக முடிவு செய்யலாம்.

வில்வம்தான் உங்கள் வீட்டில் கண்ணீர் வரவழைத்த மரம். நம் ஊர்க் கோயில் நந்தவனங்களில் எந்தச் செடி இருக்க வேண்டும் என்பதை அழகு பார்த்து யாரும் முடிவு செய்யவில்லை, சாமிதான் முடிவு செய்தது. சிவனுக்கு வில்வம், கொன்றை, நந்தியாவட்டை, தாழம்பூ ஆகாது. பெருமாளுக்குத் துளசி. அதே துளசி பிள்ளையாருக்கு சதுர்த்தி நீங்கலாக இல்லை, அவருக்கு எருக்கு. வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் வளர்த்த நந்தவனம் என்று இன்றும் ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். ஆண்டாள் கிடைத்தது அங்கே துளசியடியில் என்பது நம்பிக்கை. மதுரைக்குக் கடம்பு தலமரம். குச்சனூர் சனீஸ்வரனுக்கோ மானாவாரிக் காட்டில் முள்ளோடு நிற்கும் விடத்தை. வேறெங்கும் விறகாகப் போகும் மரம் அங்கே கும்பிடப்படுகிறது.

இதெல்லாம் ஆதியிலிருந்தே மாறாத விதி என்றும் நினைக்க வேண்டாம். சிவன் கோயில்களில் நாம் கைகூப்பும் நாகலிங்க மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பூ லிங்கமும் நாகமும் போல இருந்ததால் இடம் கிடைத்தது. சீலையம்பட்டிப் பூ மார்க்கெட்டில் மாலைக்குப் போகும் செண்டுமல்லி மெக்சிகோ பக்கத்துச் செடி. சாமியே புதுச் செடியை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மனைக்காரர்தான் பழைய மரத்தை வேண்டாம் என்கிறார்.

வில்வம் மெதுவாக வளரும், வறட்சி தாங்கும். வெட்டினால் அந்த அளவுக்கு இன்னொன்று வர உங்கள் பேரப்பிள்ளை பெரியவனாக வேண்டும். குறை என்றால், முள் இருக்கிறது, வேரிலிருந்து பக்கக்கன்று கிளம்பும், ஓடு கெட்டியான பழம் கோடையில் தகரக் கூரையில் விழுந்தால் ஓட்டை போடும். எனவே அறைக்கு மேல் நீளும் கிளையை மட்டும் கழித்துவிடுங்கள். பழத்தை விழும் முன் பறித்து சர்பத் போடுங்கள். பக்கக்கன்றை வேரோடு எடுத்து ஊர் சிவன் கோயிலுக்குக் கொடுத்தால் மாமியாருக்கும் மனம் ஆறும்.

8 சென்ட் என்பது ஏறக்குறைய 3,480 சதுர அடி. 120 சதுர அடி அறைக்கு அதில் வேறு இடமா இல்லை? கொத்தனார் கயிறு பிடிக்கும் முன், மூன்று மரத்தின் அடியிலிருந்தும் நீங்களே நாடாவைப் பிடித்து அளந்து, ஒரு தாளில் குறித்து மகனிடம் காட்டுங்கள். புது அறையின் குளியல் தண்ணீர் போகிற பக்கம் இரண்டு வாழைக்கன்று வைக்க மறக்க வேண்டாம்.