கழிநீர்க் குழாயும் காற்றுக் குழாயும்

நாள்தோறும் நீராடுதல் வேண்டும் என்று நம் முன்னோர் பன்முறை அறிவுறுத்திச் சென்றனர். நீராடிய நீர் எவ்வழியே செல்லும் என்பதை வீடு கட்டுங்காலத்து எண்ணிப் பார்ப்போர் நம்முள் மிகச் சிலரே. தலைவாயில் நிலைக்குத் தேக்கு தேடி அலைகின்றோம். தரைக்குப் பளிங்கு தேடுகின்றோம். கண்ணுக்குத் தோன்றாத கழிநீர்க் குழாயை மட்டும் அன்றைக்கு வேலைக்கு வந்தவரின் மனம்போல் விட்டுவிடுகின்றோம். இவ்வசட்டையால் விளையும் தீங்கு சிறிதன்று என்பதே நமது கருத்து.

இராமநாதபுரம் சீமையில் ஆர்.எஸ்.மங்கலம் என வழங்கும் இராஜசிங்கமங்கலத்தின் பெரிய கண்மாயை நம் வாசகர் பலர் அறிவர். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்பது அதன் பரப்பை வியந்து ஊரார் கூறும் மொழி. கண்மாய் கண்ட நம் முன்னோர் கரையை உயர்த்தியதோடு அமைந்தாரல்லர். வயலுக்கு நீர் விட மடையும், மிகுந்த நீர் கரையை உடைக்காது கழியக் கலிங்கும் அமைத்தனர். வரவுக்கு வழி செய்வோன் போக்குக்கும் வழி செய்தல் வேண்டும் என்னும் இவ்வறிவு, நமது குளியலறையின் வாயிலில் நின்றுவிட்டது வியப்பன்றோ?

மேனாடுகளில் நிலவறையிற் குளியலறை அமைப்பது வழக்கம். நமக்கு அவ்வழக்கம் இல்லையெனினும், கட்டாமலே நிலவறை பெற்றார் நம்மிற் பலர் உளர். பழைய தாரின்மேல் புதிய தாரை இட்டு இட்டு வீதி உயர, வீட்டுத் தரை பள்ளமாகின்றது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய தார் இடவேண்டுமெனத் தமிழ்நாட்டு அரசின் தலைமைச் செயலர் 2021-ஆம் ஆண்டிற் பணித்தது இக்குறை நோக்கியே. ஆயினும் முன்னரே தாழ்ந்த வீடுகள் தாழ்ந்தவையே. ஐப்பசி கார்த்திகை மழையில் கண்மாய் பெருகி நிலத்தடி நீரும் ஏறுங்கால், வெளியே செல்ல வேண்டிய கழிநீர் குளியலறைக்குள் எதிர்த்து வருகின்றது. நீர் பள்ளம் நாடும். அதனை வேண்டிக்கொண்டு மேட்டுக்கு அனுப்புதல் இயலாது.

இனிக் காற்றைப் பற்றிச் சிறிது கூறுவோம். எண்ணெய் வாணிகர் தகர டின்னில் ஒரு துளையிட்டு ஊற்றுவதில்லை. எதிர்மூலையில் மற்றொரு துளையும் இடுவர். காற்று உட்புகாவிடில் எண்ணெய் தடைப்பட்டுத் தடைப்பட்டு வீழும் என்பதை அவர் அறிவர். கழிநீர்க் குழாய்க்கும் விதி இதுவே. கழிப்பிடத்தின் கீழே வளைந்த குழாயொன்று உண்டு, ‘டிராப்’ என்பர். அதில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் உயரம் நீர் நின்று, குழாயின் கெட்ட காற்று வீட்டினுள் வாராது பூட்டுப்போல் தடுக்கும். இலண்டனிற் கடிகாரத் தொழில் செய்த அலெக்சாண்டர் கம்மிங் 1775-ஆம் ஆண்டில் உரிமை பெற்ற வளைகுழாயின் வழிவந்தது இது. காற்றுக் குழாய் இல்லாவிடில், குழாய் நிறைய விரைந்து வீழும் நீர் தன் பின்னே இப்பூட்டு நீரையும் உறிஞ்சிச் செல்லும். ‘களக் களக்’ என்னும் ஓசை கேட்குமாயின் பூட்டுத் திறக்கின்றது என்று அறிக.

பூட்டு நீர் வற்றினும் தீங்கே. 2003-ஆம் ஆண்டில் ஹாங்காங் நகரத்து அமாய் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடியில் 300-க்கு மேற்பட்டோர் சார்ஸ் நோய்வாய்ப்பட்டனர். குளியலறைத் தரையின் டிராப்புகள் வறண்டிருந்தமையால் நோய்க்கிருமி அவ்வழியே வீடுகளுட் புகுந்தது என ஆராய்ந்தோர் கண்டனர். ஒரு குவளை நீர் ஊற்றாத குறை அத்துணைப் பெரிதாயிற்று!

ஆதலின் செய்யத்தக்கது யாது? தரையை உயர்த்த இயலுமேல் அதுவே நன்று. இயலாதாயின், கழிநீரை மூடிய தொட்டியில் தேக்கி, மோட்டாரினால் மேலேற்றிக் கழித்தல் வேண்டும். நீர் திரும்பி வாராதபடி ஒருவழி வால்வு வைத்தல் வேண்டும். அத்தொட்டிக்கும் செப்டிக் டாங்கிற்கும் கூரைக்கு மேலே உயரும் காற்றுக் குழாய் வேண்டும். கொசுப் புகாதவாறு அதன் வாயில் வலை கட்டவேண்டும். நாற்றம் வருகின்றதென்று அவ்வாயைத் துணியால் அடைப்பது, நாற்றத்தை வீட்டிற்குள் அழைப்பதேயாம். ஒரு குழாயின் விலை மிச்சம் என்று இதனை விடுவோர் பின்னர்ப் பன்மடங்கு இழப்பர்.

இழப்பு பொருளளவில் நின்றால் நாம் இவ்வளவு எழுதோம். குழாய் அடைத்துக்கொண்டபோது நாம் யாரை அழைக்கின்றோம்? நம்மைப் போன்ற மனிதன் ஒருவனையன்றோ குழியில் இறங்கச் சொல்லுகின்றோம்! அங்குள்ள நச்சுக் காற்று நொடியில் உயிர் கவரும். காற்றுக் குழாய் வைத்த தொட்டியும் இதற்கு விலக்கன்று. தக்க பாதுகாப்பின்றி ஒருவரை அவ்வாறு இறக்குதலை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது. இறந்தோர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் அளிக்க வேண்டுமென உச்சநீதிமன்றம் 2023-ஆம் ஆண்டில் ஆணையிட்டது. எனினும் எத்தொகை ஒரு தந்தையைத் திருப்பித் தரும்?

பாளயத்துக்குப் புறம்பே மண்ணைத் தோண்டிக் கழிவை மூடவேண்டும் என்று உபாகமம் 23-ஆம் அதிகாரத்தில் விதிக்கப்பட்டதற்குக் கூறிய காரணம், கர்த்தர் அப்பாளயத்தின் நடுவே உலாவுகின்றார் என்பதே. நம் வீட்டுக் கழிவைப் பிறர் தலையில் ஏற்றாது நாமே நெறிப்படுத்துதலும் அவ்வாறு ஓர் அறமாம். நம் மாணவர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, தம் வீட்டுக் கூரையின்மேல் காற்றுக் குழாய் ஒன்று நிற்கின்றதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்ப்பாராக. இல்லையேல், பெரியோரிடம் பணிவுடன் எடுத்துரைப்பாராக. கற்ற கல்வி வீட்டிற்குப் பயன்படும் வழிகளுள் இதுவும் ஒன்று.