துணைக்குச் செல்பவர் யாருக்குத் துணை?

மாணவர்களை மொழி பயிலத் தமிழகத்துக்கு அழைத்துச் செல்வது நற்பணி என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. வேறுபாடு எழவேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கேதான் எல்லாரும் வாய்மூடி இருக்கின்றனர். உடன் செல்லும் ஆசிரியரின் கடமை யாது என்பதே அந்த இடம். கடவுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துவதும், தலைகளை எண்ணுவதும், போன பிள்ளைகளைப் போனபடியே கொண்டுவந்து பெற்றோரிடம் ஒப்படைப்பதுமே அவர் கடமை என்று கருதப்படுகிறது. போனபடியே திரும்புவதாயின், போனது எதற்கு?

இவ்வினாவின் கனத்தை உணர, பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளையின் அன்றாட வாழ்வைச் சற்று நோக்கவேண்டும். சந்தையில் மீன் விலை கேட்க ஹொக்கியன் வேண்டும்; அது வாராவிடில் மலாய் வேண்டும். பேருந்தில் மலாய், மருந்தகத்தில் மலாயோ ஆங்கிலமோ. கெக் லோக் சி கோவிலுக்கோ கொடிமலை இரயில் நிலையத்துக்கோ வழி கேட்கும் வெளியூரார்க்கு ஆங்கிலத்தில் விடை சொல்லிப் பழகிய நா அது. தமிழோ தாயிடமும் பாட்டியிடமும், ஆசிரியரிடமும் கோவில் குருக்களிடமும் பேசப்படுகிறது. அஃதாவது, அறிந்தவரிடம் மட்டுமே பேசப்படுகிறது. முன்பின் அறியாத ஒருவரிடம் தமிழில் விலை கேட்டு, பேரம் பேசி, வழி விசாரித்து, நன்றி கூறும் வாய்ப்பு, ஜார்ஜ் டவுனின் பினாங்கு ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட் போன்ற இடங்களுக்குச் சென்றாலன்றி எளிதில் வாய்ப்பதில்லை.

ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளிப் படிப்பும் முடிந்துவிடுகிறது. இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்யவேண்டும் என்பது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வகுத்த விதி. 14 பேர் மட்டுமே உள்ள பள்ளியில் அப்பிள்ளையின் தமிழ் யாருடைய நல்லெண்ணத்தை நம்பி நிற்கிறது என்பதைத் தமிழாசிரியர்க்கு எடுத்துரைக்கத் தேவையில்லை.

இந்நிலையில் தமிழகப் பயணம் அப்பிள்ளைக்குத் தருவது யாது? கோவிற்கோபுரங்களை நூல்களிலும் காணலாம், திரைப்படத்திலும் காணலாம். நடத்துநரும், பூக்காரரும், தேநீர்க் கடைக்காரரும், வழிப்போக்கரும் தமிழில் மட்டுமே விடையிறுக்கும் ஓர் உலகத்தை வேறு எங்கும் காண இயலாது. தமிழ் அங்கே பாடமன்று. பசிக்கும் தாகத்துக்கும் வேண்டிய கருவி. அந்த உலகத்தின் வாயிலில் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, குறுக்கே தாமே நின்றுகொள்கிறார் உடன் சென்ற ஆசிரியர்!

நடப்பதைக் கூறினால் மிகையென்று எவரும் சொல்லார். விமான நிலையத்திலேயே தனிப்பேருந்து காத்திருக்கிறது. மாமல்லபுரம், தஞ்சைப் பெரியகோவில், மதுரை மீனாட்சியம்மன் கோவில், தியாகராய நகர்த் துணிக்கடை என வண்டி ஓடுகிறது. பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டுமாயின் ஆசிரியர் கேட்டு வாங்கித் தருகிறார். கடையில் விலையை அவரே பேசி முடிக்கிறார். பிள்ளைகளோ பேருந்துக்குள் தம்முள் மலாயும் ஆங்கிலமும் கலந்து உரையாடியவண்ணம் ஊர் சுற்றுகின்றனர். பத்து நாள் தமிழகத்தில் இருந்தும் ஒரு குவளைத் தேநீரைத் தமிழில் கேட்டு வாங்காத பிள்ளை, நிழற்படங்களோடு வீடு திரும்புகிறது. இதற்கு மொழிப்பயணம் என்று பெயர் சூட்டுவது மொழிக்கும் பயணத்துக்கும் செய்யும் தீங்கன்றோ?

பெற்றோர் நம்பி அனுப்பிய பிள்ளைகள், அறியாத நாடு, நெரிசலான சாலைகள். இவற்றுக்கிடையே கண்காணிப்பைத் தளர்த்தலாமா என்று கேட்பர் சிலர். தளர்த்தவே கூடாது. ஆயினும், காவல் வேறு. பிள்ளைக்காகப் பேசுதல் வேறு. பத்தடி தள்ளி நின்று கண் இமையாது பார்த்திருப்பவரும் காவலரே. அவர் பிள்ளையின் வாயை அடைப்பதில்லை. சாலையைக் கடக்கும்போது கையைப் பிடிக்கலாம். கடையில் நிற்கும்போது கையை விட்டுவிட வேண்டும்.

பிள்ளைகளின் தமிழைக் கேட்டு அங்குள்ளோர் நகைப்பர் என்னும் அச்சமும் சிலர்க்கு உண்டு. நகைக்க என்ன இருக்கிறது? காலை உணவு உண்பதை மலேசியத் தமிழர் ‘பசியாறுதல்’ என்கின்றனர். தமிழகத்திலோ அவ்விடத்தில் ‘டிபன்’ வந்து அமர்ந்துவிட்டது. இரப்பர் மரத்தைப் ‘பால்மரம்’ என்று அழைத்தவர் இந்நாட்டுத் தோட்டத் தொழிலாளர். பினாங்கு பிரீ ஸ்கூலில் 1816இல் தொடங்கிய தமிழ் வகுப்பை முதலாகக் கொண்டு, 2016இல் மலேசியத் தமிழ்க் கல்வியின் இருநூறாண்டு நிறைவு கொண்டாடப்பட்டது. அத்தகைய மண்ணின் பிள்ளை தமிழகத்துக்கு இரவலனாகச் செல்லவில்லை. தன் சொற்களைக் கொடுத்து அங்குள்ள சொற்களைப் பெற்றுவரச் செல்கிறது. இதனை அறியாத ஆசிரியரே பிள்ளையின் பேச்சுக்காக மன்னிப்புக் கேட்டு நிற்பார்.

தமிழ்நாட்டு அரசு 2023ஆம் ஆண்டு டிசம்பரில் முதற்குழுவை வரவேற்ற ‘வேர்களைத் தேடி’ பண்பாட்டுப் பயணம், அயலகத் தமிழ் இளைஞர்க்கு உரியது. பள்ளிப் பருவத்துப் பிள்ளைக்குத் தன் ஆசிரியரே வழி. ஆகவே, துணைக்குச் செல்பவரைப் பணிமூப்புக்குரிய பரிசாகத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் ஒழியவேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாள்தோறும் ஒரு வேலையைப் பணித்து, தாம் விலகி நிற்கத் தெரிந்தவரே அப்பணிக்கு ஏற்றவர். காலத்தையும் அவர் அறிந்து தேர்வார். மே மாதத்தில் தமிழகப் பள்ளிகள் கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும். நவம்பரிலோ வகுப்புகள் நடைபெறும். அங்குள்ள மாணவரோடு ஒரே பலகையில் அமர்ந்து கழிக்கும் ஒரு நாள், பத்துக் கோபுரங்களைக் காண்பதினும் மேலான மொழிப்பாடமாகும். நெல்லைப் பேச்சும் கொங்குப் பேச்சும் மாறுபடுவதைக் காதாரக் கேட்ட பிள்ளை, தன் பினாங்குப் பேச்சுக்கு நாணாது.

பயணத்தின் வெற்றியை அளக்க எளிய கோல் ஒன்று உண்டு. திரும்பிய பிள்ளையிடம் எத்தனை ஊர் கண்டாய் என்று கேட்கவேண்டா. முன்பின் அறியாதவர் எத்தனை பேரிடம் தமிழில் பேசினாய் என்று கேட்கவேண்டும். ஒருவரிடமும் இல்லை என்பது விடையாயின், தவறு பிள்ளையினுடையதன்று.