பானிஸ் ஓசியில் ஜெயிக்கவில்லை

ஃபார்முலா ஒன் ரசிகர்கள் கூடும் இடத்தில் 1996 மொனாக்கோ என்று ஆரம்பித்துப் பாருங்கள். "அதுவா? எல்லாரும் மோதிக்கிட்டு நின்னாங்க, மிச்சம் இருந்தவன் ஜெயிச்சான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாம். ஒலிவியே பானிஸுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் செய்ய முடியாது.

அவர்கள் சொல்வதில் உண்மையே இல்லை என்று யார் சொன்னது? மே 19, மழையில் நனைந்த மான்டே கார்லோ தெருக்கள். முதல் சுற்றிலேயே ஐந்து கார்கள் காலி. முன்னணியில் பறந்த டேமன் ஹில்லுக்கு 40 சுற்றுகளோடு இன்ஜின் போயிற்று. அடுத்து முன்னால் ஓடிய அலேசிக்கு 60 சுற்றுகளோடு சஸ்பென்ஷன். இரண்டு மணி நேரக் கெடு முடிந்து 75வது சுற்றில் கொடி விழும்போது ஓடிக்கொண்டிருந்தவை மூன்றே கார்கள்!

சரி, கணக்குப் போடுவோம். ஹில்லும் அலேசியும் ஒதுங்கியதால் பானிஸுக்குக் கிடைத்தது இரண்டு இடங்கள். மூன்றாவதிலிருந்து முதலிடம். ஆனால் அவர் கிளம்பியது 14வது இடத்தில். முந்தவே முடியாது என்று பெயர் வாங்கிய அந்தத் தெருக்களில், ஈரத்தில், பிரண்டில், ஹெர்பர்ட், ஹாக்கினென் மூவரையும் சாலையிலேயே முந்தினார். தரை காய ஆரம்பித்ததும் சீக்கிரமே உள்ளே வந்து டயர் மாற்றினார். பிறகு வழிமறித்துக்கொண்டிருந்த இர்வைனின் ஃபெராரியை லோவ்ஸ் கொண்டை ஊசி வளைவில் உள்பக்கம் மூக்கை நுழைத்து, உரசித் தள்ளிக்கொண்டு போனார். (அது கொஞ்சம் முரட்டுத்தனம்தான்.) அன்று காலைப் பயிற்சியில் அத்தனை பேரிலும் வேகமாக ஓட்டியவரும் இவர்தான்.

முதலிடத்தில் கிளம்பிய ஷூமாக்கர் முதல் சுற்றில் சுவரில் இடித்தது துரதிர்ஷ்டமா என்ன? தவறு தன்னுடையது என்று அவரே ஒப்புக்கொண்டார். மற்றவர்கள் வழுக்கிய அதே தெருவில்தான் பானிஸும் ஓட்டினார். கடைசியில் கூல்ட்ஹார்டை 4.8 விநாடி பின்னால் வைத்துப் பந்தயத்தை முடித்தார்.

இன்னொரு விஷயம். 1992இல் இதே மொனாக்கோவில் ஆரம்பம் முதல் முன்னால் ஓடியவர் மான்செல். சில சுற்றுகள் மிச்சமிருக்கையில் சக்கர நட்டு தளர்ந்து அவர் பிட்டுக்குள் போனதால்தான் சென்னா முன்னால் வந்தார். அதற்குப் பிறகு மான்செலை விடாமல் மறித்து ஓட்டியதைத்தான் இன்றுவரை கொண்டாடுகிறார்கள், கொண்டாடவும் வேண்டும். சென்னா என்றால் சாமர்த்தியம், பானிஸ் என்றால் அதிர்ஷ்டமா? லிஜியே மாதிரி, 1981க்குப் பிறகு ஒரு வெற்றியும் பார்க்காத அணியின் காரில் ஜெயித்தவருக்கு மட்டும் ஏன் வேறு தராசு?

"அப்புறம் ஏன் ஒரு பந்தயமும் ஜெயிக்கவில்லை?" என்று அடுத்த கேள்வி வரும். 1997இல், அணி ப்ராஸ்ட் என்று பெயர் மாறியிருந்தபோது, சாம்பியன்ஷிப் பட்டியலில் வில்நெவ், ஷூமாக்கருக்கு அடுத்து மூன்றாவதாக பானிஸ்தான் இருந்தார். அந்த நிலையில்தான் மான்ட்ரியாலில் கார் மோதிக் கால்கள் முறிந்தன. அடுத்த ஏழு பந்தயங்கள் போச்சு. அதை எந்த அதிர்ஷ்டக் கணக்கில் எழுதுவார்களாம்?